முடியாத வேலைகளின் கணக்கு

அஜைல் என்று வழங்கும் மென்பொருள் உருவாக்க முறை, பெரிய திட்டம் ஒன்றை முழுவதுமாக வகுத்து முடித்த பின்னரே கட்டத் தொடங்குவதை விடுத்து, பயன்படக்கூடிய சிறு பகுதிகளாக அதைக் கட்டி, ஒவ்வொரு பகுதியையும் பயனாளரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கொண்டு அடுத்ததைத் தீர்மானிப்பதாகும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையால் இப்பெயர் நிலைபெற்றது. அவ்வறிக்கையிலோ அதனோடு இணைந்த 12 கோட்பாடுகளிலோ ஸ்டாண்டப், ஸ்பிரிண்ட், ஸ்டோரி பாயிண்ட் ஆகிய சொற்களுள் ஒன்றுகூட இல்லை. முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் இயங்கும் மென்பொருளே என்பதோ வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது. இம்முறையில் நெடுநாள் பணியாற்றியோர் தம் அனுபவத்தில் காண்பதும் அதனை ஒட்டியதே: அணிகள் தடுமாறுவது கூட்டங்களைச் சரியாக நடத்தாததால் அன்று, தொடங்கிவிட்டு முடிக்காத வேலைகள் பெருகுவதால்.

இரண்டு வாரம் நீளும் ஒரு ஸ்பிரிண்டின், அதாவது குறிப்பிட்ட வேலைகளை முடிப்பதற்காக அணி தனக்கு வகுத்துக்கொள்ளும் காலக்கூறின், எட்டாவது வேலைநாளில், வேலைக்கு ஓர் அட்டையாக ஒட்டி நிலைக்கேற்பப் பத்திகளில் நகர்த்தும் அணியின் பலகையைப் பார்த்தால் இது விளங்கும். இடக்கோடியில் இன்னும் தொடங்காத வேலைகளாக ஓரிரு அட்டைகள் இருக்கும். வலக்கோடியில், முடிந்தவற்றுக்கான பத்தியில், எழுத்துப்பிழை திருத்திய அட்டை ஒன்று தனியே நிற்கும். எஞ்சிய பத்துப் பன்னிரண்டு அட்டைகளும் நடுவில், கோட் ரிவ்யூ, டெஸ்டிங் என்னும் இரு பத்திகளில் அடைந்து கிடக்கும். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், "டெவ் முடிஞ்சுது, டெஸ்டிங் மட்டும் பாக்கி" என்று விடை வரும். நிரல் எழுதியவர் தம் பொறுப்பு தீர்ந்தது என்று அடுத்த அட்டையை எடுத்திருப்பார். சோதிப்பவரோ ஒருவர்தாம், அவர் முன் ஏழு அட்டைகள் காத்திருக்கும். ஒன்பதாம் நாள் மாலை அவர் ஒரு பக்-ஐக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும்போது, எழுதியவருக்கு ஒரு வாரத்துக்கு முன் தாம் என்ன நினைத்து அந்த வரிகளை எழுதினோம் என்பது பாதி மறந்திருக்கும். அணியில் ஒருவரும் சும்மா இருந்திருக்க மாட்டார். ஆயினும் ஸ்பிரிண்டின் முடிவில் நடக்கும் டெமோவில் காட்டுவதற்கு அந்த எழுத்துப்பிழைத் திருத்தம் ஒன்றே இருக்கும்.

இந்நிலைக்குக் காரணம் சோம்பலன்று, கணக்கு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியதும் அவர் பெயராலேயே வழங்குவதுமான விதியின்படி, நிலையாக ஓடும் ஓர் அமைப்பில் ஒரு வேலை நுழைந்து வெளியேறச் சராசரியாக ஆகும் காலம், உள்ளே நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. வாரத்துக்கு நான்கு வேலைகளை முடிக்கும் அணி பன்னிரண்டைக் கையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக மூன்று வாரம் ஆகும். அதே வேகத்தில் ஆறை மட்டும் வைத்திருந்தால் ஒன்றரை வாரம் போதும். எனவே பலகையின் ஒவ்வொரு பத்தியிலும் இத்தனை அட்டைகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைப்பது, டொயோட்டாவின் உற்பத்திக் கூடங்களிலிருந்து கான்பான் என்ற பெயரில் மென்பொருளுக்கு வந்த வழக்கங்களுள் மிகவும் பயனுள்ளது எனலாம். டெஸ்டிங் பத்தியின் வரம்பு மூன்று எனில், அது நிரம்பியதும் புது அட்டையை எடுப்பதற்கு மாறாக எழுதுவோரும் சோதிக்க உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் இதற்கு முணுமுணுப்பு எழும்; நிரல் எழுத வந்தவரைச் சோதிக்கச் சொல்வது மதிப்புக் குறைவு என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் வலுவாகவே உண்டு. ஆனால் தாம் எழுதியதைச் சோதிப்பது எத்தனை கடினம் என்று தெரிந்துகொண்டவர், அடுத்த முறை எளிதில் சோதிக்கக்கூடியதாக எழுதுவதையும் காணலாம்.

வரம்பு வேலை செய்ய வேண்டுமானால், முடிந்தது என்னும் சொல்லுக்கு அணியில் ஒரே பொருள் இருக்க வேண்டும். மற்றொருவர் படித்துப் பார்த்தது, தானியங்கிச் சோதனைகள் தேறியது, பயனாளர் காணும் சூழலில் ஏற்றப்பட்டது என ஐந்தாறு வரிகளில் அதை எழுதிப் பலகையின் அருகிலேயே வைப்பது போதுமானது. இருபது வரிகளுக்கு நீண்ட பட்டியலை ஒருவரும் படிப்பதில்லை.

அன்றாட ஸ்டாண்டப், அஜைல் வழிமுறைகளுள் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டியின்படி 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய கூட்டம். நேற்று செய்தது, இன்று செய்வது, தடையாக இருப்பது என ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லும் வழக்கத்தை அவ்வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு நீக்கிவிட்ட போதிலும், பழக்கம் விடவில்லை. "நேத்தும் அதே டிக்கெட், இன்னைக்கும் அதே டிக்கெட், பிளாக்கர் எதுவும் இல்லை" என்று ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து சொல்வாராயின், அந்த டிக்கெட்டே, அதாவது அவர் கையிலுள்ள அட்டையே, பிளாக்கர் என்று கொள்ள வேண்டும். ஆட்களை வரிசையாகக் கேட்பதைக் காட்டிலும், பலகையின் வலக்கோடியிலிருந்து தொடங்கி, முடிவுக்கு மிக அருகிலுள்ள அட்டை நகர இன்று என்ன தேவை என்று கேட்டு இடப்புறமாக வருவது சிறந்தது. அப்போது பேச்சு ஆளைப் பற்றியதாக இல்லாமல் வேலையைப் பற்றியதாக மாறும்.

அமெரிக்க வாடிக்கையாளருக்காகச் சென்னையில் இயங்கும் அணிகளுக்கு இக்கூட்டத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நியூயார்க்கின் காலை ஒன்பது மணி, கோடையில் சென்னைக்கு மாலை ஆறரை; நவம்பரில் அங்கே கடிகாரம் பின்னோக்கி வைக்கப்பட்டதும் ஏழரை. பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலையும் வீட்டில் காத்திருக்கும் குழந்தையையும் எண்ணிக்கொண்டு அந்நேரத்தில் பேசுபவர், தடை எதுவும் இல்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டிப்பதில் வியப்பில்லை. மேலும், வாடிக்கையாளரின் மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கையில் ஸ்டாண்டப் கணக்கு ஒப்புவிக்கும் இடமாகிவிடுகிறது. அணி தனக்கான ஸ்டாண்டப்பைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, மாலை அழைப்பைக் கேள்விகளுக்கு விடை பெறுவதற்கு மட்டும் பயன்படுத்துவது, கூட்டங்களின் எண்ணிக்கை ஒன்று கூடினாலும், நட்டமில்லாத ஏற்பாடு.

வேலையின் அளவை நாட்களில் கூறாமல் ஒப்பீட்டு எண்ணில் கூறுவது ஸ்டோரி பாயிண்ட். ஒரு ஸ்பிரிண்டில் அணி முடித்த பாயிண்ட்டுகளின் கூட்டுத்தொகை வெலாசிட்டி. அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அணி தனக்குள் பார்த்துக்கொள்ளவே இவ்வெண் பயன்படும். மாதாந்திர அறிக்கையில் இதை ஏற்றி, இந்த அணி 40, அந்த அணி 25 என்று ஒப்பிடத் தொடங்கினால், மூன்று பாயிண்ட்டாக இருந்த வேலை அடுத்த மாதமே ஐந்தாகும். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே அது நடக்கும். ஸ்டோரி பாயிண்ட்டைத் தாமே உருவாக்கியிருக்கக்கூடும் என்று கூறும் ரான் ஜெஃப்ரீஸ், ஸ்னோபேர்டில் கூடியவர்களுள் ஒருவர், அதற்காக வருந்துவதாக எழுதியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வேலைகளை இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்குச் சிறிதாக நறுக்கினால், பாயிண்ட்டுகளைக் கூட்டாமல் அட்டைகளை எண்ணுவதே போதும்.

ஸ்பிரிண்டின் முடிவில், நடந்ததைத் திரும்பிப் பார்த்து வேலைமுறையைத் திருத்திக்கொள்ளும் கூட்டமான ரெட்ரோ, மேற்கூறியவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடி. வேலை நெருக்கடி என்றதும் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் அறையில் இருக்கும்போது எவரும் தம் பிழையைச் சொல்வதில்லை ஆதலால், அவர் வராமலிருப்பது நன்று. இன்னொரு குறை, பேச்சு முடிந்ததும் பன்னிரண்டு திருத்தங்களைப் பட்டியலிட்டு, அதை விக்கிப் பக்கம் ஒன்றில் போட்டு, அடுத்த ரெட்ரோவரை திறக்காமலே விடுவது. ஒரேயொரு திருத்தத்தைத் தேர்ந்து, பொறுப்பாளர் பெயரோடு அட்டையாக எழுதி, மற்ற வேலைகள் நகரும் அதே பலகையில் வைத்தால், அதுவும் பத்தியின் வரம்புக்குள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை அன்றாடம் காலையில் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.