அரை மைல்கூட இல்லையாம்!

டென்னசியில் இருக்கும் ஃபால் கிரீக் ஃபால்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போகப்போகிறோம் என்று அட்லாண்டாவில் யார் கிளம்பினாலும் என்னிடம் கேட்பது, "லாட்ஜ் எடுக்கலாமா, கேபின் எடுக்கலாமா?" அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. திட்டம் போட்டவர் அங்கே கடைசியாகப் போனது எப்போது, யாரோடு?

எங்களுக்குத் திட்டம் போட்டவர் என் கணவரின் நண்பர். கல்யாணத்துக்கு முன்னால் கூட்டாளிகளோடு போய்வந்தவர். அந்த ஒரு தகுதியில் மூன்று குடும்பங்களுக்கும் வழிகாட்டி ஆகிவிட்டார். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மாதிரி ஒரு விடுதி, பால்கனியில் நின்றால் கீழே ஏரி என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விடுதியை 2018இல் மூடி, பிறகு இடித்தும் விட்டார்கள். இப்போது இருப்பது 2022இல் திறந்த புது லாட்ஜ். 85 அறைகள், ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் தான் தங்கிய கட்டடமே இல்லை என்பது வாசலில் போய் இறங்கும்வரை தெரியாதவரை நம்பித்தான் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனோம்.

வழி சுலபம். எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில் சட்டனூகா, அங்கிருந்து டன்லப், பிறகு மலை. கவனிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான். சட்டனூகாவரை நம்முடைய நேரம். டன்லப் பக்கம் போனதும் மத்திய நேரம் வந்து, கைபேசி ஒரு மணி பின்னால் போய்விடும். நண்பர் அவர் காரிலிருந்து போன் போட்டு, "ஒரு மணி நேரம் லாபம்!" என்று சிரித்தார்.

அந்த லாபம்தான் எங்களைக் கவிழ்த்தது. அக்டோபர் நடுவில் அட்லாண்டாவில் ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும். அதே நாளில் பூங்காவின் கடிகாரப்படி ஆறு மணி தாண்டியதுமே சூரியன் இறங்கிவிடும். கீழே, பாறைச் சுவர்களுக்கு நடுவில், அதற்கு வெகு முன்பே நிழல் கட்டிவிடும். வயிறாரச் சாப்பிட்டு, அறைச் சாவி வாங்கி, போட்டோ எடுத்து, நாங்கள் அருவிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது.

கார் நிறுத்துமிடத்திலிருந்து சில அடி நடந்தாலே அருவி எதிரே தெரியும். 256 அடி, இடையில் எதிலும் படாமல் நேராக விழுகிறது. அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். தென்காசிக்காரர். "குளிக்க விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றுவதற்குள் நண்பர் முந்திக்கொண்டார். "கீழ போனா தண்ணியில கால் வைக்கலாம்மா. அரை மைல்கூட இல்ல. குற்றாலத்துல ஏறாத மலையா?"

பலகையில் மைலைத்தான் போடுவார்கள். எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது அதில் புரியாது. 256 அடி அருவியின் அடியைத் தொட வேண்டுமென்றால் நாமும் ஏறக்குறைய அவ்வளவு உயரம் இறங்கித்தானே ஆக வேண்டும்? பாதை முழுக்கப் பாறை. ஒவ்வொன்றும் ஒரு உயரம், சில இடங்களில் உட்கார்ந்து நகர வேண்டும். அருவி நெருங்க நெருங்கச் சாரலில் எல்லாம் வழுக்கும். அத்தை காலில் தோல் செருப்பு. ஷூவை நான் எடுத்து வைக்க மறந்துவிட்டதாகப் பின்னால் ஒரு பேச்சு வந்தது. ஷூ லாட்ஜில் பெட்டிக்குள் இருந்தது. அன்றைய திட்டம் மேலே நின்று பார்ப்பது மட்டும்தான்.

பாதிக்குமேல் இறங்கியபோது அத்தைக்குக் கணுக்கால் பிசகியது. வழிகாட்டி அப்போது கீழே குளத்தங்கரையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். போனில் சிக்னல் இல்லை. அந்தப் பக்கமாக ஏறிவந்த கல்லூரி வயதுப் பையன்கள் இருவர் தங்கள் நடைக்கோலைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்து மேலே வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. ராத்திரி சாப்பாட்டின்போது நண்பர் ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தார்: "மதியம் புளியோதரை பொட்டலத்தைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆயிடுச்சு." பொட்டலம் கட்டியது நான். தின்றது யார்?

வயதானவர்களோடு போகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். மேலிருந்து அருவி, அது போதும். பிறகு காரிலேயே இயற்கை மையத்துக்குப் போய்விடுங்கள். கேன் கிரீக்கின் 45 அடி அடுக்கு அருவியைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். ஓடையின் குறுக்கே தொங்குபாலம் ஒன்று உண்டு, நடந்தால் ஆடும். மறுநாள் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு அத்தை பார்த்து ரசித்தது அதைத்தான். கீழே இறங்கியே தீருவேன் என்கிற இளவட்டங்கள் காலையில், ஷூ போட்டுக்கொண்டு, வரைபடத்தை லாட்ஜ் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு போகட்டும். கேபிள் டிரெயில் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். பாறைச் சரிவில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற பாதை அது. நண்பர் அதற்கும் கூப்பிட்டார்.

ஏரி 345 ஏக்கர். பெட்ரோல் படகோடு யாரும் வந்து இரைச்சல் போட முடியாது, அனுமதி கிடையாது. சாயங்காலம் கரையில் உட்காரலாம். அங்கே உட்கார்ந்தபடி நண்பர், இது மனிதன் கைபடாத ஆதிக்காடு என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். 1937இல் மத்திய அரசு நிலம் வாங்கத் தொடங்கியபோது மண் அரித்துக் கிடந்த காடுகழனிதான் இங்கே பெரும்பகுதி. பொருளாதார மந்தக் காலத்து வேலைத்திட்ட இளைஞர்கள் மரம் நட்டு மீட்டார்கள், 1944இல் மாநிலத்தின் கைக்கு வந்தது. ஏரியே அணை கட்டித் தேக்கியதுதான். சபையில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

இப்போது லாட்ஜா, கேபினா? கேபின்தான். லாட்ஜ் அறையில் அடுப்பு கிடையாது. கணுக்கால் வீங்கிய மாமியாருக்கு ரசம் வைக்கவோ, ஒத்தடத்துக்கு வெந்நீர் போடவோ கேபினில் சமையலறை இருக்கிறது. நான் ஆரம்பத்திலேயே கேட்டேன், "லாட்ஜ்ல வியூ நல்லா இருக்கும்" என்றார்கள். இலை நிறம் மாறும் அக்டோபர் வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

திரும்பும்போது அந்த ஒரு மணியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் மூன்றரை மணி நேர ஓட்டம். வீட்டுக் கடிகாரத்தில் நாலரை. நண்பர் தன் மகளை நாலு மணிக்கு நடன வகுப்பில் விட வேண்டியிருந்தது. "மூன்றரைக்கு வீட்ல இருப்போம், தாராளமா நேரம் இருக்கு" என்று பன்னிரண்டுவரை ஏரிக்கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.