ஊரறிந்து கொள்முதல்: தாம்பரம்

1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் தாம்பரம் ரயிலடி ஊர். மாலை வண்டியில் இறங்குபவர் மாதச் சாமான் கேட்பதில்லை; பைக்கு அடங்கும் கால் கிலோ, அரைக் கிலோதான். பொட்டலங்களை நான்கு மணிக்குள் கட்டி அடுக்கிவிட வேண்டும்.

2021-இல் பல்லாவரம், பம்மல் முதலியவை சேர்ந்து மாநகராட்சியானது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருநீர்மலையும், சோழர் காலத்து மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலும் இதற்குள் அடக்கம். புரட்டாசியில் திருநீர்மலைப் பக்கத்துக் கடைகளில் கற்பூரமும் நெய்யும் குறையக்கூடாது. வண்டலூர் உயிரியல் பூங்காவும் அருகில்தான். விடுமுறை நாட்களில் பிஸ்கட் போகும்.

கவனிக்க வேண்டியது வேறு. 2023 டிசம்பர் 30-இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். பெருங்களத்தூர் சாலையோரம் தென்மாவட்டப் பேருந்துக்குக் காத்து நின்ற கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. பழைய கணக்கில் தீபாவளிக்கு முறுக்கு, மிக்சர் எடுத்தால் காலாவதிச் சரக்கு நம் தலையில்தான் விடியும். என் வாடிக்கைக் கடைகளுக்கு அதைப் பாதியாக்கி, அந்த முதலை அரிசி, எண்ணெயில் போடச் சொல்லியிருக்கிறேன். மொத்தக் கடைக்கு விற்பனை குறையும். ஆனாலும் திரும்பி வரும் மூட்டைக்கு இது மேல். சேலையூர், செம்பாக்கம் குடியிருப்புகளில் மாதச் சாமானை வீட்டில் இறக்கித் தரும் கடைக்குத்தான் இப்போது வரவு நிலையாக இருக்கிறது.