பழைய லொறியின் பின்னச்சு நுகத்தை மாற்றுதல்

விளைந்த நெல்லைக் களத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிச் செல்வதற்குக் கமக்காரர் பலர் பழைய லொறிகளையே நம்பியுள்ளனர். எஞ்சினையும் ரயரையும் கவனிப்போர், பின்னச்சின் முகப்பிலுள்ள நுகத்தைக் கவனிப்பதில்லை. சென்ற பெரும்போக அறுவடையின்போது எமது பகுதிக் கமக்காரர் ஒருவரின் லொறி, நெல் மூடைகளுடன் வாய்க்கால் வீதியில் நின்றுவிட்டது. நுகம் தேய்ந்து, சுழல்தண்டு கழன்று, பிறேக் குழாயையும் உடைத்திருந்தது. உதவி வருமுன் மழை வந்தது; நனைந்த மூடைகள் முளைகொண்டன. அந்த லொறி புறப்படும்போதெல்லாம் "டக்" என்று ஒலித்ததை அவர் அறிவார். அதில் ஒருமுறை சென்ற யானும் அவ்வொலியைக் கேட்டேன். கேட்டும் எச்சரியாது விட்டேன். அக்குறையை நீக்கவே இதனை எழுதுகின்றேன்.

நுகத்தின் வேலை

எஞ்சினின் வலு, கியர்ப்பெட்டியிலிருந்து சுழல்தண்டு வழியாகப் பின்னச்சை அடைகின்றது. டிபறன்சலினுள் உள்ள பினியன் என்னும் சிறு பற்சில்லின் தண்டு முன்னே நீண்டிருக்கும். அதன்மேற் பல்வரிகளாற் பொருந்தி, பெரிய நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும் இருகாதுத் துண்டே நுகம். திருத்துநர் இதனை 'யோக்' என்பர். பினியன் ஆறு சுற்றுச் சுற்றும்போது சில்லு ஒரு சுற்றுச் சுற்றும் லொறியில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் நுகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,300 முறை சுழலும். எனவே சிறு தளர்வும் விரைவிற் பெருந்தேய்வாகும்.

தேய்வை அறிதல்

லொறியைச் சமநிலத்தில் நிறுத்தி, சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்தபின் நுகத்தைக் கையாற் பற்றி அசைத்துப் பார்க்க.

1. நுகம் மட்டும் தண்டின்மேல் ஆடினால், நட்டுத் தளர்ந்திருக்கும். அல்லது பல்வரி தேய்ந்திருக்கும்.

2. குறுக்குத்துண்டின் கிண்ணங்கள் காதுகளினுள் உருண்டால், காதுகள் தேய்ந்துள்ளன. உளியாற் புள்ளி குத்தி அவற்றை இறுக்குவது சில நாட்களுக்கே உதவும்.

3. நுகமும் பினியனும் ஒருங்கே மேலுங் கீழும் ஆடினால், பெயறிங் தேய்ந்துள்ளது. நுகத்தை மாற்றுவதாற் பயனில்லை, திருத்துநரை நாடுக.

முகப்பில் எண்ணெய் கசிந்தால், முதலில் அச்சின் மேலுள்ள மூச்சுத்துளை அடைபட்டுள்ளதா என நோக்குக. அடைபட்டிருப்பின் உள்ளமுக்கம் எண்ணெயை வெளியே தள்ளும்.

கழற்றுதல்

பாரத்தை முற்றாக இறக்குக. சுழல்தண்டைக் கழற்றியபின் கியர் லொறியைப் பிடித்து நிறுத்தாது. கைப்பிறேக் கியர்ப்பெட்டியின் பின்னே அமைந்த லொறிகளில் அதுவும் பயன்படாது. ஆகவே கட்டையின்றி லொறியின் கீழே செல்லுதல் உயிருக்கு ஆபத்து.

தண்டிலும் நுகத்திலும் நேர்க்கோடு ஒன்று குறித்துத் தண்டைக் கழற்றுக. குடத்தில் போல்ற்றுகளாற் பூட்டிய பின்னச்சுத் தண்டுகளையுடைய லொறியில், அவ்விரண்டையும் சில அங்குலம் வெளியே இழுத்துவிட்டால் பினியன் தடையின்றிச் சுழலும். பின்னர் நுகத்திற் கயிற்றைச் சுற்றி, வில்தராசினால் இழுத்து, சீராகச் சுழல்வதற்கு எவ்வளவு இழுவை வேண்டும் என எழுதி வைக்க. இவ்வளவு பின்னர் மிகப் பயன்படும். நட்டின் நிலையையும் தண்டிற் குறிக்க.

நுகத்தை நீண்ட இரும்புப் பட்டத்தாற் பிடித்து நட்டைக் கழற்றுக. நுகத்தை இழுவைக்கருவியாலேயே எடுக்க. சம்மட்டியால் அடித்தால் பெயறிங் பழுதாகும்.

புதியதைத் தேர்தல்

பழைய நுகத்தைக் கடைக்கு எடுத்துச் செல்க. பல்வரிகளின் எண்ணிக்கை, கழுத்தின் விட்டம், காதுகளின் இடைவெளி, மொத்த நீளம் ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். கழுத்தில் நகம் தடக்கும் பள்ளம் இருப்பின், புதிய ஓயில் சீல் மட்டும் இட்டால் கசிவு நில்லாது. ஏனைய பாகங்கள் நன்றாயிருந்தால், கழுத்தின்மேல் மெல்லிய உருக்கு உறை ஏற்றிப் பயன்படுத்தலாம்.

பூட்டுதல்

புதிய சீலை நேராக அமர்த்தி, அதன் உதட்டில் எண்ணெய் பூசுக. பல்வரியைத் துடைத்து, கசிவுதடுக்கும் பசை சிறிதளவு இட்டு, நுகத்தை ஏற்றுக. புதிய நட்டைப் பூட்டுக.

இங்கேதான் பலர் தவறுவர். இரு பெயறிங்குகளுக்கிடையே கெட்டியான குழலும் தகடுகளும் உள்ள அச்சில், கைந்நூலிற் கூறிய அளவுக்கு இறுக்கலாம். நசுங்கும் குழல் உள்ள அச்சிலோ, நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் வில்தராசினாற் பார்த்தல் வேண்டும். முன்பு எழுதிய அளவுக்குச் சற்றே கூடியதும் நிறுத்துக. அளவுமீறி நசுங்கிய குழல், நட்டைத் தளர்த்தினால் மீளாது; புதிய குழலே இடல் வேண்டும். எவ்வகை என்பது தெரியாவிடின், அறிந்தவரைக் கேளாது இறுக்கற்க.

பின்னர் பின்னச்சுத் தண்டுகளைப் பூட்டி, சுழல்தண்டைக் குறித்த கோட்டிற் பொருத்தி, கைந்நூலிற் கூறிய எண்ணெயை நிரப்புந் துளையின் அடிவிளிம்பு வரை விடுக.

பின்கவனம்

பாரமின்றி 8 கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தி, நுகத்தின் அருகே அச்சைத் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காத சூடாயின் மிகை இறுக்கமே காரணமாகலாம், தொடர்ந்து ஓட்டற்க. ஒரு நாள் வேலைக்குப் பின் போல்ற்றுகளை மீண்டும் சோதிக்க.

இவ்வேலையை அறுவடை தொடங்குமுன் செய்துகொள்ளல் நன்று. கதிர் முற்றியபின் மழையும் காத்திராது, நெல்லும் காத்திராது.