சிறுநீர்ப்பைக்கும் பயிற்சி உண்டு

வகுப்பில் ஒரு சிறுமி சுண்டுவிரலை உயர்த்துகிறாள். அரைமணி நேரத்தில் மறுபடியும் உயர்த்துகிறாள். "இப்போதுதானே போய் வந்தாய்?" என்று கடிந்துகொள்கிறோம். அவளோ கால்களைப் பின்னிக்கொண்டு தவிக்கிறாள். இது குறும்பும் அன்று, சோம்பலும் அன்று. பை நிறையும் முன்னரே அதன் தசை தானாகச் சுருங்குவதால் வரும் தொல்லை இது. 'மிகைச் செயல் சிறுநீர்ப்பை' என்று இதனைச் சொல்லலாம்.

முதலில் இயல்பை அறிவோம். சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டிப் பிரிக்கும் சிறுநீர், பையில் வந்து சேர்கிறது. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், பையின் கொள்ளளவு ஏறக்குறைய மில்லிலிட்டரில் கிடைக்கும். 6 வயதுப் பிள்ளைக்கு 210 மில்லிலிட்டர்; அதாவது ஒரு தம்ளர். பை நிறைந்ததும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். "சற்றுப் பொறு" என்று மூளை கட்டளையிடும். பகலில் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் 5 வயதுக்குள் கைகூடும். நாளுக்கு 4 முதல் 7 தடவை போவது இயல்பு.

அவசரம் மிகுவதற்குக் காரணங்கள் பல. மலச்சிக்கலால் நிறைந்த குடல் பையை நெருக்கும். சிறுநீர்த் தொற்று உறுத்தும். நெடுநேரம் அடக்கும் பழக்கமும் கெடுதி செய்யும். கட்டுமாவடி போன்ற நம் கடலோர ஊர்களில் வெயிலும் வியர்வையும் அதிகம். ஆயினும் கழிப்பறைக்குப் போக நேருமே என்று அஞ்சித் தண்ணீரே குடிக்காத மாணவியர் உண்டு. அதனால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலம் இறுகும், தொற்றும் எளிதில் வரும். தப்பிக்க எடுத்த வழியே நோயை வளர்க்கிறது!

நாம் செய்ய வேண்டியவை:

1. தாகம் வரும்வரை காத்திராமல், நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்தல். காப்பி, தேநீர், கோலா பானங்களைத் தவிர்த்தல்.

2. அவசரம் வராவிட்டாலும் 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை கழிப்பறை செல்லுதல். பாதங்கள் நன்கு ஊன்றியிருக்க, பதறாமல் முழுவதும் கழித்தல்.

3. கீரை, பழம், பயறு உண்டு மலச்சிக்கலைப் போக்குதல்.

4. எத்தனை முறை போனாள், எப்போது நனைந்தது என்று தாய் சில நாள் குறித்து வைத்தல். மருத்துவருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும்.

இவற்றால் பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் தேறுவர். தேறாதோருக்கு மருத்துவர் சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் செய்து, தேவையானால் தசையை அமைதிப்படுத்தும் மாத்திரை தருவார். காய்ச்சல், எரிச்சல், சிறுநீரில் இரத்தம், ஓயாத கசிவு, கால்களில் பலவீனம் கண்டால் தாமதம் கூடாது. மிகுந்த தாகமும் உடல் மெலிவும் சேர்ந்தால் நீரிழிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணியைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் ஒலிக்கத் தொடங்கின. கழிப்பறையில் தண்ணீரும், கதவில் தாழ்ப்பாளும், ஆசிரியையின் முகத்தில் கனிவும் இருந்தால் பாதி நோய் தீரும்.

பெற்றோரே, நனைந்த பாவாடைக்காகப் பிள்ளையை அடிக்காதீர். மாணவியரே, தோழியைக் கேலி செய்யாதீர். இறைவன் தந்த உடலைப் பேணுவதும், வெட்கத்தால் வாடும் சிறியவளுக்குத் துணை நிற்பதும் நம் கடமையாகும்.