மடுவுக்குப் போறவங்க குப்பையைப் பிரிக்கும் முறை

ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குத் தோட்டத்திலிருந்து போகும் நாம், அங்கேயே தங்கி ஆக்கிச் சாப்பிடுகிறோம். மிச்சம் மீதியை ஒரே பையில கட்டினா எதுவும் மறுசுழற்சிக்கு ஆகாது.

நாட்டுக்குப் பொதுவான நிற முறை இது: பச்சை உணவுக் கழிவு, நீலம் கடதாசி, செம்மஞ்சள் பிளாஸ்டிக், சிவப்பு கண்ணாடி, பழுப்பு உலோகம். போத்தல், மீன் டின் எல்லாத்தையும் கழுவிப் போடணும். கறி பட்ட கடதாசியை நீலத்தில் போட்டா நல்ல கடதாசியும் கெட்டுப்போகும். லன்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தாச்சு. நம்ம சோத்துப் பொட்டலம்தான் இன்னும் மாறல! வாழையிலை போதும்.

மடுவைச் சுற்றி யானைக் காடு. சோறு ஒட்டின பையை யானை பையோடயே விழுங்கிடும். அம்பாறைக் குப்பைமேட்டில் யானைகள் அப்படித்தான் செத்தன.