‘சிட்டிசன்’ – ஊரில் இருப்பவரா, நாட்டுக்கு உரியவரா?



இம்மாதம் நாம் படிக்க எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ‘சிட்டிசன்’. தெரிந்த சொல்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் அலுவலகத்துக்கு விண்ணப்பம் நிரப்ப வருவோர் தடுமாறி நிற்பது தெரியாத சொற்களில் அல்ல, தெரிந்ததாக நினைக்கும் இந்தச் சொல்லில்தான். “சிட்டியில் வாடகைக்குத்தான் இருக்கிறோம், எங்களைச் சிட்டிசன் என்று எழுதலாமா?” என்று கேட்ட சகோதரிகள் உண்டு. “ஆதார் இருக்கிறதே, அதுதானே சிட்டிசன் கார்டு?” என்று கேட்ட பெரியவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லின் வரலாறே அப்படி. இலத்தீன் மொழியில் ‘சிவிஸ்’ என்றால் ஊர்ச் சமூகத்தில் உரிமையுள்ள மனிதர். அத்தகைய மனிதர்களின் கூட்டத்துக்குச் ‘சிவிட்டாஸ்’ என்று பெயர். கட்டடமும் மதிலும் தெருவுமான நகரத்தை ‘உர்ப்ஸ்’ என்றார்கள்; ‘அர்பன்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. சிவிட்டாஸ் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சிட்டி’ ஆனது. அந்தச் சிட்டியில் வசிப்பவர் ‘சிட்டிசன்’. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதற்கு நகரவாசி என்பதே பொருள். கிராமத்தவரும் நிலப்பிரபுவும் அதில் சேரமாட்டார்கள். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியோ, சிட்டிசன் என்றால் நகரத்து வியாபாரி, கனவான் அல்லாதவர் என்றுகூடப் பொருள் எழுதியது! இன்று கௌரவமாகச் சொல்லும் சொல் அன்று கொஞ்சம் இளக்காரமாகவும் ஒலித்தது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் மனித உரிமைகளோடு ‘சிட்டிசன்’ உரிமைகளையும் சேர்த்துப் பிரகடனம் செய்தார்கள். அதன்பின் அந்தச் சொல் நகரத்தை விட்டு வெளியே வந்து, ஒரு நாட்டின் முழு உறுப்பினர் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. மலையடிவாரக் குடிசையில் இருப்பவரும் இன்று சிட்டிசன்தான்.

அரபு மொழியிலும் இதற்கு நெருங்கிய ஒரு கதை உண்டு. மதீனா என்றால் நகரம். நகர வாழ்வின் நாகரிகத்தைத் ‘தமத்துன்’ என்பார்கள். ‘சிவிலைசேஷன்’ என்னும் சொல் சிவிஸிலிருந்து பிறந்தது போலவே இதுவும். ஆனால் நாட்டின் குடிமகனைக் குறிக்க இன்றைய அரபு மொழி மதீனாவை எடுத்துக்கொள்ளவில்லை. ‘வதன்’ என்னும் தாயகச் சொல்லிலிருந்து ‘முவாதின்’ என்று ஆக்கிக்கொண்டது.

நம் தமிழில்தான் சிக்கல் அதிகம். ‘குடி’ என்பது குடும்பம், குலம். குடியிருக்கும் இடமும் அதுவே. வாடகை வீட்டில் இருப்பவர் குடித்தனக்காரர், காலனிக்குக் குடியிருப்பு என்று பெயர், நாட்டின் உறுப்பினர் குடிமகன். ரேஷன் கடைச் சரக்குக்குக்கூடக் குடிமைப் பொருள் என்று பெயர். (மதுக்கடை வாசலில் நிற்பவரையும் ‘குடிமகன்’ என்று கேலி செய்கிறார்கள், அந்தக் குடி வேறு.) ஒரே வேரிலிருந்து எல்லாம் கிளைப்பதால், குடியிருப்பதும் குடியுரிமையும் ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் படிவமோ இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது: குடியிருப்பவர் ‘ரெசிடென்ட்’, குடியுரிமை உள்ளவர் ‘சிட்டிசன்’.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. பயணி முஸாபிர், தங்கியிருப்பவர் முகீம். ஓரிடத்தில் 15 நாள் தங்கும் எண்ணம் இருந்தால் ஹனஃபி மத்ஹபில் முகீம் ஆகிவிடுவார். ஷாஃபி மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள். எந்த ஊரில் பிறந்தார், யாருடைய பிள்ளை என்பது அங்கே கேள்வியே இல்லை. தங்குவதுதான் கணக்கு. ‘ரெசிடென்ட்’ என்பதும் அப்படித்தான். வளைகுடாவில் நம் பிள்ளைகள் வாங்கும் இகாமாவும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததே. ஜித்தாவில் 30 வருடம் வேலை பார்த்தவரும் இகாமா வைத்திருக்கும் ரெசிடென்ட்தான். அந்நாட்டுச் சிட்டிசன் அல்லர். என்.ஆர்.ஐ. என்பதற்கு நேர் எதிரான நிலை: இந்தியச் சிட்டிசன், ஆனால் இங்கே ரெசிடென்ட் அல்லர்.

இனி ஆதாருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இந்தியாவில் வசித்தவர் ‘ரெசிடென்ட்’. அவருக்கு ஆதார் எண் உண்டு. அந்த எண் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று அதே சட்டம் 9ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே அதைச் சிட்டிசன் கார்டு என்று நம்பி, பிறப்புச் சான்றிதழையும் பழைய பள்ளிச் சான்றிதழையும் அலட்சியமாகப் போட்டுவைக்க வேண்டாம். பிள்ளை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரின் ஆங்கில எழுத்தை ஒரே மாதிரி வையுங்கள். ‘முஹம்மது’ என்னும் ஒரே பெயரை ஒரே வீட்டில் நான்கு விதமாக எழுதியிருக்கும் ஆவணங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறோம் என்றால், வசிப்பதும் உரிமையும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதை நம் மொழி பேசுவோரே அனுபவித்திருக்கிறார்கள். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை அங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்டச் சொன்னது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மலையகத் தமிழர் பெரும்பாலோரிடம் அதற்கான காகிதம் இல்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. லயன் வீட்டில் பிறந்து, அதைத் தவிர வேறு ஊர் அறியாதவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

நம் அரசியலமைப்புச் சட்டத்திலும் சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை முதலியவற்றைத் தரும் 19ஆம் பிரிவு ‘சிட்டிசன்’ என்கிறது. சட்டத்தின் முன் சமத்துவம் (14), உயிரும் சுதந்திரமும் (21), மத சுதந்திரம் (25) ஆகியவற்றில் ‘பர்சன்’, அதாவது மனிதர் என்றே இருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கும் அவை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 மீண்டும் ‘சிட்டிசன்’ என்கிறது. அதனால் தெருவிளக்கு பற்றி மனுப் போடும்போது ஜமாஅத் பெயரில் மட்டும் எழுதாமல், ஒரு தனிமனிதர் தம் பெயரில் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது.

‘சீனியர் சிட்டிசன்’ என்பதில் சிட்டிக்கு வேலையே இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் அனைவரும் அதில் அடங்குவர். பெற்றோராக இருந்து பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்பதற்கு 60 வயதும் ஆக வேண்டியதில்லை. இதை நம் தாய்மார்கள் பலர் அறியவில்லை.

கடைசியாக ஓட்டு. சிட்டிசன், ரெசிடென்ட் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வேண்டியது இங்கேதான். 18 வயது நிறைந்த இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். சொந்த வீடு வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மாறாக, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பது ஒன்றே அங்கே குடியிருப்பவர் என்பதற்குப் போதாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20ஆம் பிரிவில் சொல்கிறது. சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நம்பி ஓட்டை அங்கே விட்டுவிட்டு, 20 வருடமாக நகரத்தில் குடித்தனம் நடத்துவோர் நம்மில் ஏராளம். நகரத்துத் தெருவின் சாக்கடைக்கும் குடிநீருக்கும் கவுன்சிலரிடம் போய் நின்றால், அவர் முதலில் பார்ப்பது வாக்காளர் பட்டியலைத்தான். வெளிநாட்டில் வேலையில் இருக்கும் குடிமக்கள் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் பெயர் சேர்க்கலாம். அதற்குப் படிவம் 6ஏ.

வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, முதன்முறை சேர்வோருக்குப் படிவம் 6. இரண்டையும் நம் அலுவலகத்தில் கட்டணமின்றி நிரப்பித் தருகிறோம். தற்போதைய முகவரியுள்ள கரண்ட் பில், கேஸ் பில், வங்கிப் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்து வரவும்.