முகம் பார்த்துக் கொடுப்பதா, பணம் பார்த்துக் கொடுப்பதா?



கல்யாணம், சுன்னத்து, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று படம் பிடித்துக் குடும்பம் நடத்தியவர்கள் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலும் பலர் இருந்தார்கள். எல்லாரும் கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கும் காலம் வந்தபின் சிலர் தொழிலை விட்டுவிட்டார்கள். சிலர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய வீட்டார் கேமராவையும் லென்சுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நம் கடைக்கு வந்து, "பாய், இதை எப்படி விற்பது?" என்று கேட்பதுண்டு. நல்ல நிலையிலுள்ள உயர்ந்த ரகச் சாமானாக இருந்தால், பழையதானாலும் பல ஆயிரம் வெள்ளி பெறும். ஒரு விதவைக்கு அது பிள்ளையின் படிப்புச் செலவு. அதை ஐந்து நிமிஷத்தில் இழந்துவிடவும் கூடும். ஆகையால், முன்பின் அறியாதவருக்கு இத்தகைய பொருளை விற்கும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்துக் கடையும் பற்றுப் புத்தகமும்

ரப்பர் தோட்டங்களில் கடை வைத்திருந்த நம் முன்னோர்கள் கடன் கொடுத்தே வியாபாரம் செய்தார்கள். அரிசியும் பருப்பும் சேலையும் பற்று எழுதிக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்தார்கள். அவர்கள் முகம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால், பற்றுக்காரர் எந்த லயத்தில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்கிறார் என்பதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். முகத்துக்குப் பின்னால் ஒரு தோட்டமே ஜாமீன் நின்றது.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கேமரா வாங்க வருபவர் கிள்ளானிலிருந்து வந்ததாகச் சொல்லலாம், பினாங்கிலிருந்து வந்ததாகவும் சொல்லலாம். அவருடைய முகத்துக்கு ஜாமீன் யாரும் இல்லை. பழைய தாட்சண்யம் மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. மோசக்காரன் கை வைப்பது அந்தத் தாட்சண்யத்தின்மீதுதான்.

வழக்கு மன்றம் கண்ட இரண்டு சம்பவங்கள்

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவிலுள்ள ஒரு நகைக்கடைக்கு ஒருவன் வந்தான். முத்துக்களையும் ஒரு மோதிரத்தையும் தேர்ந்தெடுத்து, 3,000 பவுனுக்குக் காசோலை எழுதினான். தன்னை சர் ஜார்ஜ் புல்லோ என்னும் பிரபு என்று சொல்லி, விலாசமும் கொடுத்தான். கடைக்காரர் பிலிப்ஸ் விலாசப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பிரபு அதே விலாசத்தில் இருப்பது உண்மையாயிருந்தது. நாளை மனைவியின் பிறந்த நாள் என்று அவன் சொல்லவே, 450 பவுன் விலையுள்ள மோதிரத்தைக் கொடுத்தனுப்பினார். காசோலை திரும்பியது. வந்தவன் பிரபு அல்லன். அதற்குள் மோதிரம் ஓர் அடகுக் கடையில் 350 பவுனுக்கு அடகு வைக்கப்பட்டுவிட்டது. அடகுக் கடைக்காரரிடமிருந்து மோதிரத்தை மீட்க பிலிப்ஸ் வழக்குப் போட்டார். 1919-இல் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக வந்தது.

ஐம்பது ஆண்டு கழித்து, 1969-ஆம் ஆண்டு மே மாதம், லூயிஸ் என்ற ஒரு மாணவர் தம்முடைய பழைய காரை 450 பவுனுக்கு விற்கப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வந்தவன் தன்னைப் பிரபல நடிகர் ரிச்சர்டு கிரீன் என்று சொல்லிக் காசோலை கொடுத்தான். காசோலை மாறும்வரை காரைக் கொடுக்க லூயிஸ் தயங்கினார். அவன் சினிமா ஸ்டூடியோவின் அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினான். அதில் அவன் படமும் இருந்தது, முத்திரையும் இருந்தது. லூயிஸ் மனம் இளகிக் காரைக் கொடுத்தார். காசோலைப் புத்தகம் திருட்டுப் புத்தகம். கார் வேறொரு மாணவருக்கு 200 பவுனுக்கு விற்கப்பட்டது. 1971-இல் அப்பீல் கோர்ட்டு, நல்லெண்ணத்துடன் வாங்கிய அந்த மாணவருக்கே கார் சொந்தம் என்று தீர்ப்பளித்தது.

இவ்விருவரும் சோம்பேறிகள் அல்லர். ஒருவர் விலாசத்தைச் சோதித்தார்; மற்றவர் அடையாளச் சீட்டைச் சோதித்தார். ஆனால் இருவரும் சோதித்தது ஆளை. பணம் வந்ததா என்பதை இருவரும் சோதிக்கவில்லை.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்திலும் இதே கருத்துள்ள விதி உண்டு. மோசக்காரனிடம் நாமே மனமொப்பிக் கொடுத்த பொருளை, விற்பனையை நாம் ரத்துச் செய்வதற்குள் விவரம் அறியாத மூன்றாமவர் நேர்மையாக விலைக்கு வாங்கிவிட்டால், அதை மீட்பது மிகவும் கஷ்டம். ஏமாற்றியவனுக்குக் குற்றவியல் சட்டம் 420-ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். அதனால் கேமரா திரும்பி வந்துவிடாது.

காசுமாற்றுக் கடையின் பாடம்

இதற்கு மருந்து நம்மவர் தொழிலிலேயே இருக்கிறது. காசுமாற்றுக் கடையில் வந்து நிற்பவர் யாராயிருந்தாலும், கடைக்காரர் முதலில் நோட்டை வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, எண்ணி முடித்த பிறகே தம் நோட்டை நீட்டுவார். இதில் மரியாதைக் குறைவு என்று எவரும் கோபிப்பதில்லை. கேமரா வியாபாரத்துக்கும் இதே விதிதான்: பணம் நம் கைக்கோ நம் கணக்கிலோ வந்து சேர்ந்ததை நம் கண்ணால் பார்த்த பிறகே பொருள் கைமாற வேண்டும்.

விற்பதற்கு முன்

கேமராவின் அடியிலும் லென்சின் மேலும் உள்ள தொடர் எண்ணை எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்க. வாங்கியவர் மறுநாள் வேறொரு பழுதான கேமராவைக் கொண்டுவந்து, "நீங்கள் கொடுத்தது இதுதான்" என்று சண்டை பிடித்தால், அந்த எண்ணே சாட்சி. மெமரி கார்டைக் கழற்றிவிட வேண்டும். அதில் பிறர் வீட்டுப் பெண்களின் கல்யாணப் படங்கள் இருக்கும்.

நம் நாட்டு ஈரக் காற்றில் லென்சுக்குள் பூசணம் பிடிப்பது சகஜம். கைவிளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும். குறையிருந்தால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்கலாகாது என்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு விதித்த கடமை. அதில் காரியமும் உண்டு. முன்னதாகச் சொல்லி, ரசீதிலும் எழுதிவிட்ட குறையைக் காட்டி எவரும் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

சந்திக்கும் இடம்

வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம். ஒதுக்குப்புறமான இடத்துக்கும் போக வேண்டாம். வங்கி திறந்திருக்கும் நேரத்தில், வங்கிக் கிளையிலேயே சந்திப்பது உத்தமம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க. சோதித்துப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஆனால் மேஜைமீது, நம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நேரத்தில் ஒரு சாமானாகச் சோதிக்கட்டும். "வெளியே வெயிலில் ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன்" என்றால் நாமும் கூடவே போக வேண்டும்.

பணம் வாங்கும் முறை

ரொக்கமானால், வங்கியின் பணம் போடும் இயந்திரத்தில் நம் கணக்கிலேயே போடச் செய்க. நோட்டு நல்லதா என்பதை இயந்திரமே சோதிக்கும்; எண்ணியும் காட்டும். கையில் வாங்க நேர்ந்தால், 50 வெள்ளி, 100 வெள்ளி நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, முதலாவது மாமன்னரின் நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்க்க வேண்டும்.

டூயிட்நவ் மூலம் அனுப்பினால் பொதுவாக உடனே வந்து சேரும். அவருடைய தினசரி வரம்பு போதுமா என்று முதல் நாளே பார்த்துவரச் சொல்லுங்கள். அவர் தொலைபேசியில் காட்டும் "அனுப்பியாகிவிட்டது" என்ற ரசீதுப் படம் பணமாகாது; அப்படிப்பட்ட படத்தை எவரும் தயாரித்துவிடலாம். நமக்கு வரும் குறுஞ்செய்தியும் போலியாக இருக்கலாம். நாமே நம் வங்கிக் கணக்கைத் திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காசோலை வேண்டவே வேண்டாம். காசோலை போட்ட தொகை கணக்கில் தெரிவது வேறு, எடுக்கக்கூடிய பணமாவது வேறு. தெரிந்ததைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிட்டுக் காசோலை திரும்பியபின் தவித்தவர்கள் உண்டு.

பணம் யார் பெயரிலிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க. சில மோசக்காரர்கள் நம் கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டு, இல்லாத பொருளுக்கு விலையாக அந்தக் கணக்கில் பணம் போடும்படி வேறொரு அப்பாவியிடம் சொல்வார்கள். பணமென்னவோ வந்துவிடும். ஆனால் அந்த அப்பாவி போலீசில் புகார் செய்யும்போது அகப்படுவது நம் கணக்குதான். ஆகவே, எதிரே நிற்பவரின் அடையாளக் கார்டிலுள்ள பெயரும் பணம் அனுப்பிய பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நலம்.

இந்தப் பேச்சைக் கேட்டால் விலகிக்கொள்க

"நான் வெளியூரில் இருக்கிறேன், ஆள் அனுப்புகிறேன், பொருளைக் கொடுத்துவிடுங்கள்." "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்." "பணம் பெற இந்த இணைப்பைத் திறந்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்." பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதற்கு? கணக்கு எண் ஒன்றே போதும். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு உடனே ஒப்புக்கொண்டு அவசரப்படுத்துபவரிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மெய்யாக வாங்குபவர் குறை கண்டுபிடிப்பார், விலை குறைப்பார்.

சந்தேகமிருந்தால், போலீஸ் இலாகா நடத்தும் "செமாக் மியூல்" என்னும் இணையப் பக்கத்தில் அவருடைய தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் புகாருக்குள்ளானவையா என்று பார்க்கலாம். அங்கே பெயர் இல்லை என்பதால் மட்டும் ஆள் யோக்கியர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இணைப்பைத் திறந்து நம் கணக்கிலிருந்தே பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே நம் வங்கியை அழைக்க வேண்டும், அல்லது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுக்கப்பட்டால்தான் மீட்க வழியுண்டு. பொருள் போயிருந்தால் தொடர் எண்ணுடன் போலீசில் புகார் எழுதிக் கொடுத்து, பழைய கேமரா வாங்கி விற்கும் கடைகளுக்கும் அந்த எண்ணை அறிவிக்க வேண்டும். இன்னொருவர் விலை கொடுத்து வாங்குமுன் தகவல் போய்ச் சேருவது முக்கியம்.

சகோதரர்களே! "பணம் கணக்கில் ஏறட்டும், பிறகு எடுத்துப் போங்கள்" என்று சொல்வதால் நாணயமான வாடிக்கையாளர் எவரும் ஓடிவிட மாட்டார். இதைக் கேட்டுக் கோபித்து எழுந்து போகிறவர் போகட்டும். கேமரா நம்மிடம் இருக்கிறது; நாளைக்கு வேறொருவர் வருவார். உங்கள் கடைக்கு யோசனை கேட்டு வரும் குடும்பங்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் விற்கும் நாளில் ஒரு மணி நேரம் கடையை மூடிவிட்டு, அவர்களுக்குத் துணையாக வங்கிவரை சென்று வாருங்கள்.